தொட்டிக்குள் ஒரு கடல்

நுழையும்முன்

இடம் மாறினால் உயிர்களின் இயல்பும் சற்றுத் தடுமாறும். புதிய நீர், புதிய வெளிச்சம், புதிய அண்டை அயல் ஆகியவற்றுக்குப் பழகும் வரை எவ்வுயிருக்கும் இடர்ப்பாடு உண்டு. ஆய்வகத் தொட்டிகளில் வாழும் மீன்கள் எவற்றால் துன்புறுகின்றன, அத்துன்பத்தை அறிவியலாளர் எவ்வாறு அறிகின்றனர், அதைத் தணிக்கத் தொட்டியை எவ்வாறு அமைக்கின்றனர் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

விழிஞ்ஞத்துக் கடற்கரையில்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, கோவளத்தை அடுத்து அமைந்துள்ள கடற்கரை ஊர் விழிஞ்ஞம். பழங்காலத்தில் ஆய் மன்னர்களின் தலைநகராகவும் துறைமுகமாகவும் விளங்கிய இவ்வூரைக் கைப்பற்றப் பாண்டியரும் சோழரும் போரிட்டனர். இன்று பெருங்கப்பல்கள் வந்து நிற்கும் பன்னாட்டுத் துறைமுகம் இங்கு உள்ளது. அது 2025ஆம் ஆண்டு மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இது மீனவர்களின் ஊர். நெத்திலியும் சூரையும் கணவாயும் இங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தில் வந்து இறங்குகின்றன.

வலையில் அகப்பட்ட மீன் கரை சேர்ந்ததும் விலையாகிவிடும். ஆனால் இதே ஊரில், விலைபேசப்படாத மீன்கள் சிலவும் உண்டு. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வட்டார மையம் ஒன்று விழிஞ்ஞத்தில் இயங்குகிறது. இந்நிலையம் 1947இல் தொடங்கப்பட்டது. இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள மண்டபத்தில் பல்லாண்டுகள் தலைமையிடம் கொண்டிருந்து, 1971இல் கொச்சிக்கு மாறியது. விழிஞ்ஞம் மையத்தின் தொட்டிகளில் கோமாளி மீன், டாம்செல் மீன் முதலிய வண்ண மீன்களை இனப்பெருக்கம் செய்யவைக்கும் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. வண்ண மீன்களைப் பவளப்பாறைகளிலிருந்து பிடித்து விற்பதற்கு மாறாக, அவற்றைத் தொட்டியிலேயே வளர்த்தெடுக்க இயலுமாயின் பாறைகள் பிழைக்கும். கடலோர மக்களுக்கும் ஒரு தொழில் கிட்டும். எனினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. துன்புறும் மீன் முட்டையிடாது.

வீடும் சிறையும்

கடலில் மேற்பரப்பு நீர் சூடேறினால் மீன் ஆழத்திற்குச் செல்லும். நீர் கலங்கினால் வேறிடம் நாடும். வலிய மீன் துரத்தினால் பாறை இடுக்கில் பதுங்கும். தொட்டியில் இம்மூன்றும் இயலா. நான்கு சுவர்களுக்குள் எந்நீர் உள்ளதோ அதையே அது சுவாசிக்க வேண்டும். எம்மீன் உடன் உள்ளதோ அதனோடேயே வாழ வேண்டும்.

ஆகவே தொட்டியில் வாழும் மீனுக்கு வீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அவ்வுரிமையை எடுத்துக்கொண்ட மனிதரே அந்த வீட்டைச் சரியாக அமைத்துத் தரும் கடமையையும் ஏற்றாக வேண்டும். அக்கடமை தவறினால் அதன் விளைவு முதலில் மீனின் உடலிலும், அடுத்து ஆய்வின் முடிவிலும் தெரியும்.

உடலுக்குள் நிகழ்வது

ஆபத்தை உணர்ந்ததும் மீனின் உடல் தப்பியோட ஆயத்தமாகிறது. நொடிகளில் அட்ரினலின் சுரக்கிறது. செவுள்களுக்கு இரத்தம் விரைந்து பாய்கிறது. அடுத்த சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் பெருகுகிறது. மனிதருக்குச் சிறுநீரகத்தின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பி இதைச் சுரக்கிறது. மீன்களுக்கு அவ்வாறு தனிச்சுரப்பி இல்லை. தலையை ஒட்டிய சிறுநீரகப் பகுதியில் உள்ள செல்களே அப்பணியைச் செய்கின்றன. கார்ட்டிசால் சேமிப்பிலுள்ள ஆற்றலைச் சர்க்கரையாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. இந்நெருக்கடி நிலையே அழுத்தம் எனப்படும்.

குறுகிய கால அழுத்தம் கேடன்று. அது உயிர்காக்கும் ஏற்பாடு. வேட்டை மீன் விலகிச் சென்றதும் சில மணி நேரத்தில் உடல் பழைய நிலைக்குத் திரும்பும். நெருக்கடி நாள்தோறும் நீடித்தால்தான் கேடு விளைகிறது. வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்திற்கும் செலவாக வேண்டிய ஆற்றல் ஓயாத அச்சத்திற்குச் செலவாகிறது. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றுகிறது. ஆரோக்கியமான மீனை அணுகாத பூஞ்சையும் பாக்டீரியாவும் அதனைப் பற்றிக்கொள்கின்றன.

கடல்மீனுக்கு மற்றுமோர் இடரும் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. மீனின் உடல்நீரில் உள்ள உப்போ அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். எனவே உடலிலுள்ள நீர் செவுள் வழியாக ஓயாது வெளியேறுகிறது. அதனை ஈடுசெய்யக் கடல்மீன் நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. அழுத்தத்தின்போது செவுளில் இரத்த ஓட்டம் மிகுவதால் இந்நீரிழப்பும் மிகுகிறது. நீர் சூழ இருந்தும் மீனின் உடல் வறள்கிறது.

நீரே முதற்சுவர்

தொட்டியின் சுவர் கண்ணாடியாயினும் மீனுக்கு உண்மையான வீடு நீரே. மீனின் கழிவு அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே வெளியேறுகிறது. கடலில் அது கரைந்து மறையும். தொட்டியில் தேங்கி நஞ்சாகும். இதற்கு உதவுபவை சிற்றுயிர்களே. வடிகட்டியில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது; மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். எனவே அறிந்தவர் புதிய தொட்டியில் உடனே மீன்களை நிரப்ப மாட்டார். முதலில் குடியேற வேண்டியவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களே.

உப்பின் அளவும் கருதத்தக்கது. தொட்டிநீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே செல்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. குறைந்த அளவை ஈடுசெய்யக் கடல்நீரை ஊற்றினால் உப்பு மேலும் மிகும். ஆதலால் ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரையே சேர்க்க வேண்டும்.

கடலோர ஆய்வகங்களுக்குப் பருவமும் ஒரு சோதனை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளக் கடற்கரையை ஒட்டி ஆழ்கடல் நீர் மேலெழுகிறது. அது குளிர்ந்தது, உயிர்வளி குறைந்தது. அலைகளும் மழைநீரும் கடலைக் கலக்குகின்றன. அந்நாள்களில் கடல்நீரை அப்படியே தொட்டிக்குள் விடுதல் தகாது. தெளியவைத்து, மணலில் வடிகட்டி, வெப்பநிலையைச் சமன்செய்து, காற்றூட்டிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இடமும் அண்டை அயலும்

கோமாளி மீனின் இயற்கை வீடு கடற்சாமந்தி. பூப்போல விரிந்த அவ்வுயிரின் கொட்டும் இழைகளுக்கிடையே வேறு மீன்கள் நுழைய அஞ்சும். கோமாளி மீனோ அச்சமின்றி வாழும். ஒரு சாமந்தியில் ஒரு சிறு கூட்டம் குடியிருக்கும். கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், எஞ்சியவை இனப்பெருக்கம் செய்யாத சிறியவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். சிறியவற்றுள் பெரியது ஆணாகும்.

இவ்வரிசை எவ்வளவு கண்டிப்பானது என்பதைப் பீட்டர் பஸ்டன் என்னும் ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. சிறிய மீன்கள் தமக்கு மேலுள்ளவற்றின் அளவை எட்டாதவாறு தம் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கின்றன. எட்டினால் சண்டை மூண்டு துரத்தப்படும். கடலில் துரத்தப்பட்ட மீனுக்கு வேறோர் இடம் கிடைக்கலாம். தொட்டியில் துரத்தப்பட்ட மீன் மூலையில் ஒதுங்கி, துடுப்புக் கிழிந்து, உண்ணாமல் மெலியும்.

இதனை அறிந்தே பண்ணையாளர் செயற்படுகின்றனர். இளமீன்கள் சிலவற்றை ஒரே தொட்டியில் விடுவர். நாளடைவில் இரண்டு மட்டும் ஏனையவற்றை விஞ்சி வளரும். இணை உறுதியானதும் மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவர். இணைக்குச் சாமந்தி கிடைக்காவிடினும், கவிழ்த்த மண்சட்டியோ ஓடோ வைத்தால் அதனை வீடாக ஏற்கும். அதன்மேல் முட்டையும் இடும். ஆண்மீன் துடுப்பால் விசிறி முட்டைகளுக்கு உயிர்வளி ஊட்டும். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, இருள் கவிந்த பின்னர் குஞ்சுகள் பொரியும். ஒரு மண்சட்டியின் விலை மிகச் சிறிது. மீனுக்கு அது கிடைப்பதும் கிடைக்காததும் பெரிய வேறுபாடு.

நெரிசல் மட்டுமே தீங்கு என்று எண்ணுதல் பிழை. கூட்டமாக வாழும் மீனைத் தனித்து வைப்பதும் தீங்கு. எல்லை வகுத்து வாழும் மீன்கள் இரண்டு மூன்றை மட்டும் ஒரு தொட்டியில் விட்டால், வலியது எளியதை ஓயாது துன்புறுத்தும். கடற்குதிரைக்கோ வாலால் பற்றிக்கொள்ள ஏதேனும் ஒரு கொம்பு வேண்டும். எம்மீனுக்கு எது வீடு என்பதை அம்மீனின் வாழ்க்கையைக் கற்றே அறிய இயலும்.

ஒளியும் அதிர்வும்

மீனுக்கு இமை இல்லை. இருட்டறையில் விளக்கைச் சட்டென ஏற்றினால் கண்ணை மூடிக்கொள்ள அதனால் இயலாது, சுவரில் மோதும். ஆகவே நல்ல ஆய்வகங்களில் விளக்குகள் விடியலைப் போல மெல்ல ஒளிர்ந்து, அந்தியைப் போல மெல்ல மங்குகின்றன. பகலும் இரவும் நாள்தோறும் ஒரே நேரத்தில் வருகின்றன.

மீனின் உடலின் இருபுறமும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு உள்ளது. நீரின் சிறு அசைவையும் அது அறியும். கதவை ஓங்கி அறைதல், கண்ணாடியை விரலால் தட்டுதல், மோட்டாரைத் தொட்டியின் மேடையிலேயே பொருத்துதல் ஆகியவை மனிதருக்குச் சிறு ஓசை; மீனுக்கு உடல் முழுதும் உணரும் அதிர்ச்சி.

புதிதாய் வந்த மீன்

பிடிக்கப்பட்டு, பையில் அடைக்கப்பட்டு, நெடுவழி வந்த மீனை உடனே தொட்டியில் கொட்டிவிடக் கூடாது. பையை மூடியபடியே தொட்டிநீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமமாக்க வேண்டும். பின்பு தொட்டிநீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து உப்பின் அளவுக்குப் பழக்க வேண்டும். மற்ற மீன்களோடு சேர்ப்பதற்கு முன் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்து நோயுண்டா என நோக்க வேண்டும்.

புதிய மீன் முதல் நாள்களில் உண்ணாமல் இருப்பது இயல்பு. அதனைக் கண்டு உணவை மேன்மேலும் கொட்டினால் நீர்தான் கெடும். இடம்பெயர்ந்த உயிருக்கு முதற்கண் வேண்டுவது உணவன்று; ஒதுங்க ஓரிடமும் பழகச் சிறிது காலமும் ஆகும். அவை கிடைத்தபின் அது தானே வெளிவந்து உண்ணத் தொடங்கும்.

பேசாத உயிரின் மொழி

மீன் முனகாது; முகம் சுளிக்காது. ஆயினும் அதன் உடல் செய்தி சொல்கிறது. செவுள்மூடி விரைந்து அசைதல், நிறம் மங்குதல் அல்லது கருத்தல், துடுப்புகளை உடலோடு ஒடுக்குதல், நீரின் மேற்பரப்பில் வாய்பிளத்தல், உணவை நாடாமை ஆகியவை அழுத்தத்தின் அறிகுறிகள்.

கார்ட்டிசாலை அளந்தும் அழுத்தத்தை அறியலாம். ஆனால் இரத்தம் எடுப்பதற்காக மீனைப் பிடிப்பதே அழுத்தத்தைத் தந்து அளவைக் கூட்டிவிடும். இதற்கு ஓர் எளிய வழி கண்டறியப்பட்டது. மீனின் கார்ட்டிசாலில் ஒரு பகுதி செவுள் வழியே நீரில் கலக்கிறது. எனவே மீனைத் தொடாமலே, அது வாழும் நீரைச் சோதித்து அதன் நிலையை ஓரளவு அறிய இயலும். கேட்கும் முறையே விடையை மாற்றிவிடக் கூடாது என்னும் எச்சரிக்கை இதில் அடங்கியுள்ளது.

ஆய்வின் உண்மையும் மீனின் நலமும்

உலக ஆய்வகங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் மீன்களுள் ஒன்று வரிக்குதிரை மீன். கங்கை, பிரமபுத்திரா ஆற்றுப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இச்சிறு நன்னீர் மீனை 1822இல் பிரான்சிசு ஆமில்டன் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். இதன் கருமுட்டை ஒளி ஊடுருவும் தன்மையது. உறுப்புகள் உருவாவதை நுண்ணோக்கியில் நேரே காணலாம். ஆகையால் நோய்களையும் மருந்துகளையும் ஆராய இது பயன்படுகிறது. ஐதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்திலும் இம்மீன்களைக் கொண்டு ஆய்வு செய்கின்றனர்.

தூய்மை செய்வது எளிது என்பதால் இம்மீன்களை வெறுமையான தொட்டிகளில் வளர்ப்பதே நெடுநாள் வழக்கம். ஆனால் ஒருபுறம் கூழாங்கல்லும் செடியும் உள்ள தொட்டியில் விட்டபோது, அவை அப்பகுதியையே மிகுதியாக நாடியதை ஆய்வாளர்கள் கண்டனர். தேர்ந்தெடுக்க வாய்ப்பளித்தால் மீனும் தன் விருப்பத்தைத் தெரிவிக்கும்.

ஒரு மருந்தை இரண்டு ஆய்வகங்களில் சோதிப்பதாகக் கொள்வோம். ஓரிடத்தில் மீன்கள் நலமாக உள்ளன. மற்றோரிடத்தில் நெரிசலாலும் மாசுநீராலும் துன்புறுகின்றன. இரண்டாம் ஆய்வகத்தின் முடிவில் மருந்தின் விளைவு எது, தொட்டியின் விளைவு எது எனப் பிரித்தறிய இயலாது. நோயுற்ற வீட்டில் எடுத்த அளவைக் கொண்டு நலமான உடலைப் பற்றி முடிவு செய்ய முடியுமா?

1959இல் வில்லியம் ரசல், ரெக்சு பர்ச் ஆகிய இருவரும் விலங்காய்வுக்கு மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்குக்கு மாற்று இருந்தால் மாற்றையே பயன்படுத்துதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பம் குறையுமாறு முறைகளைச் செம்மைப்படுத்துதல். நல்ல தொட்டி மூன்றாம் நெறியைச் சார்ந்தது. அது இரண்டாம் நெறிக்கும் துணையாகும். ஏனெனில் ஒரே சீரான நலமுள்ள மீன்களிடம் அளவுகள் தாறுமாறாக வேறுபடுவதில்லை. அதனால் குறைந்த எண்ணிக்கையிலேயே தெளிவான முடிவு கிட்டும். மீனுக்குச் செய்யும் நன்மை அறிவியலுக்குச் செய்யும் நன்மையும் ஆகிறது.

எனினும், ஆய்வுக்குப் பயன்படும் என்பதற்காக மட்டும் மீனைப் பேண வேண்டும் என்பதில்லை. பயன் ஏதும் இல்லாவிடினும், அடைத்து வைத்தவரை நம்பியே அடைபட்ட உயிர் வாழ்கிறது. அந்நம்பிக்கையைக் காப்பதே அறம்.

தெரிந்து தெளிவோம்

மதுரையில் பிறந்து, கலாசேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்க அவர் அவையில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராகவும் அவர் விளங்கினார். ஆய்வகங்களில் உள்ள விலங்குகளைக் காக்கும் குழுவும் இச்சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டதே.

சொல்லும் பொருளும்

செவுள் – மீனின் மூச்சுறுப்பு
உயிர்வளி – ஆக்சிசன்
இணை – சோடி
அந்தி – மாலைப்பொழுது
தகாது – பொருந்தாது
விஞ்சி – மிகுந்து, மேம்பட்டு

இலக்கணக் குறிப்பு

நன்னீர், சிற்றுயிர் – பண்புத்தொகைகள்
உண்ணாமல் – எதிர்மறை வினையெச்சம்
பேசாத உயிர் – எதிர்மறைப் பெயரெச்சம்
பகலும் இரவும் – எண்ணும்மை

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தெரிவு செய்க.

1. ஆவியாகிக் குறைந்த தொட்டிநீருக்கு ஈடாகச் சேர்க்க வேண்டியது ______.
அ) கடல்நீர் ஆ) நன்னீர் இ) உப்பு ஈ) வெந்நீர்

2. கோமாளி மீன் கூட்டத்தில் மிகப் பெரியது ______.
அ) ஆண் ஆ) இளமீன் இ) பெண் ஈ) இவற்றுள் எதுவுமில்லை

3. ‘சிற்றுயிர்’ என்பதைப் பிரித்து எழுதக் கிடைப்பது ______.
அ) சிறு + றுயிர் ஆ) சிற்று + உயிர் இ) சிறுமை + உயிர் ஈ) சீர் + உயிர்

ஆ. குறுவினா

1. புதிய தொட்டியில் உடனே மீன்களை விடலாகாது. ஏன்?
2. மீனின் அழுத்தத்தைக் காட்டும் அறிகுறிகள் நான்கினை எழுதுக.
3. மீனைத் தொடாமல் கார்ட்டிசாலை அளப்பதன் பயன் யாது?

இ. நெடுவினா

‘நல்ல தொட்டி மீனுக்கும் நன்மை, ஆய்வுக்கும் நன்மை’ என்பதைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

ஈ. மொழியை ஆள்வோம்

மீன், கடல் ஆகிய சொற்கள் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றாகவே வழங்குகின்றன. வலை என்பது மலையாளத்தில் ‘வல’ எனவும், முட்டை என்பது ‘முட்ட’ எனவும் வழங்கும். இவ்வாறு சிறு மாற்றத்துடன் வழங்கும் சொற்கள் ஐந்தினை அண்டை வீட்டாரிடமோ வகுப்புத் தோழரிடமோ கேட்டுத் தொகுக்க.

உ. கற்பவை கற்றபின்

1. வீட்டிலோ பள்ளியிலோ கடையிலோ உள்ள மீன்தொட்டி ஒன்றைப் பத்து நிமிடம் உற்றுநோக்குக. பதுங்க இடம் உள்ளதா, மீன்கள் ஒன்றையொன்று துரத்துகின்றனவா, ஒளி எங்கிருந்து வருகிறது என்பவற்றைக் குறித்து, அத்தொட்டியில் செய்யத்தக்க மாற்றம் ஒன்றை எழுதுக.

2. ஊர்விட்டு ஊர் குடிபெயர்ந்த ஒருவரிடம் (பெற்றோர், தாத்தா, பாட்டி எவரேனும்) உரையாடுக. புதிய இடத்தில் அவர் பழகுவதற்கு எது உதவிற்று எனக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.